ரெங்கசாமி உள்ளே இருக்கிறார்

தங்கமணி போன வாரம் செய்த காரியம், வியாழக்கிழமை காலைக்குள் தோட்டத்து வாசலுக்கு எதிரே இருக்கும் சீனி முகம்மது கடைவரை வந்து சேர்ந்துவிட்டது.

"தங்கச்சிக்காரி அண்ணன் கையைக் கட்டிப் போட்டுட்டாளாம்" என்று ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள். எந்தக் கயிற்றால் கட்டினாள் என்று கேட்டால்தான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. சீனி முகம்மது மட்டும், அது கயிறில்லை, கம்ப்யூட்டர் என்றார். அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர். எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசுவது அவர் தொழில். இந்தத் தடவை உண்மையாகவே தெரிந்திருந்தது.

நடந்தது இதுதான். கோல சிலாங்கூரிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே இருக்கும் சுங்கை பிருவாங் தோட்டத்து ஆபீசுக்குப் போன வருசம் ஒரு பெரிய பெட்டி வந்தது. அதிலிருந்து கேபிள் இழுத்து, மேசைக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டிகள். எல்லோருடைய பைல்களும் பெரிய பெட்டிக்குள்ளே. அதனால் யார் எதைத் திறக்கலாம் என்று குரூப் குரூப்பாகப் பிரித்து வைத்தார்கள். சம்பள குரூப், ஸ்டோர் குரூப், வீட்டு குரூப். குரூப்பில் பெயர் இருந்தால் பைல் திறக்கும். திறந்தாலும் சிலர் பார்க்கத்தான் முடியும், சிலர் திருத்தவும் முடியும்.

பெட்டியைப் பொருத்தக் கோலாலம்பூரிலிருந்து வந்த ஆள், ஒவ்வொருவர் அடையாளக் கார்டிலும் கடைசிப் பெயரைப் பார்த்து அடித்துக்கொண்டே போனான். நம் ஆட்களின் கார்டில் கடைசிப் பெயர் யாருடையது? அப்பாவுடையது. ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணி தனபாலன், அனாக் லெலாக்கி ரெங்கசாமி, அதாவது ரெங்கசாமி மகன். சின்ன கிராணி தங்கமணி, அனாக் பெரம்புவான் ரெங்கசாமி, ரெங்கசாமி மகள். அண்ணனுக்கு ரெங்கசாமி என்று போட்டு முடித்து, தங்கைக்குப் போடப் போனால் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று பெட்டி மறுத்தது. அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரே பெயரை இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆக, முப்பது வருசம் மண்டோராக, அதாவது கங்காணியாக, வேலை பார்த்தும் ஆபீஸ் படிக்கட்டுக்கு மேலே கால் வைக்காத ரெங்கசாமி, பெட்டிக்குள் எல்லா குரூப்பிலும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் கம்பெனி தங்கமணியைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்ததும் மேனேஜர் பெட்டியின் பொறுப்பை அவளிடம் கொடுத்தார். அவள் செய்த முதல் வேலை, அவளுக்கும் அண்ணனுக்கும் சொந்தப் பெயரில் தனித்தனிக் கணக்கு. இரண்டாவது வேலைதான் ஊர்வாய்க்கு அவலானது. வீட்டு குரூப்பில் அண்ணனுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. திருத்த முடியாது.

மூன்றாவதாக ஒரு வேலை இருந்தது. பழைய ரெங்கசாமியை எடுத்துவிட வேண்டும். அவளும் போனாள். அழிக்கவா என்று திரை கேட்டது. அப்பா பக்கத்தில் நின்று இருமியது மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிற மனுசன் பெயரை யாராவது அழிப்பார்களா? வேண்டாம் என்று அமுக்கிவிட்டு எழுந்து போய்விட்டாள். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்தவள்தான். இருந்தாலும்.

அந்த ஒரு 'வேண்டாம்' வியாழக்கிழமை என்னென்ன செய்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

*

காலையில் அண்ணி அமராவதி தங்கமணிக்கு முட்டை பொரித்துப் போட்டாள். மற்ற நாளில் நேற்றுக் குழம்பு. முட்டை என்றாலே ஏதோ விசயம் இருக்கிறது என்று தங்கமணிக்குத் தெரியும்.

அமராவதிக்கு வேண்டியது ஒரு வீடு. ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போடுவதற்காகக் கம்பெனி கீழ் லயத்தை, தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறது. அங்கே இருக்கிறவர்களுக்காகச் சாலையோரம் புது வீடுகள் கட்டி முடிந்துவிட்டன. வரிசையின் கடைசியில் மூலை வீடு. இரண்டு பக்கமும் ஜன்னல், பக்கவாட்டில் கீரை போட இடம். போகும்போதும் வரும்போதும் அமராவதி அந்த ஜன்னல்களுக்குத் துணி தைத்துக்கொண்டே போனாள், மனசில்தான். மாமனாரும் நாத்தனாரும் இருக்கும் வீட்டில் அவளும் புருசனும் குசுகுசுவென்று பேசினாலும் நடு அறையிலிருந்து மாமனார் பதில் சொல்வார். அவள் ஆசைப்பட்டதில் தப்பில்லை.

தப்பு என்னவென்றால், மூலை வீட்டைக் கீழ் லயத்து ஐயாவு என்கிறவருக்கு மேனேஜர் ஒதுக்கியிருந்தார். செம்பனைக் குலை காலில் விழுந்து இரண்டு வருசமாக நொண்டுகிறவர் ஐயாவு. மனைவி வள்ளியம்மா மருந்தடிக்கிற வேலை. வீடுகளை எண்ணித்தான் கட்டியிருக்கிறார்கள். மூலை வீடு போனால் அவர்களைத் தூரத்தில் சபாக் பெர்ணம் பக்கம் இருக்கும் வேறு டிவிஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நொண்டிக் காலுக்கு வேலையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

தனபாலன் பேச்சைத் தொடங்கினான். இன்றைக்கு நாலு மணித் தேத்தண்ணிக்குப் பிறகு மேனேஜர் வீட்டுப் பட்டியலை அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவார், நாளைக் காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் வாசிப்பார், வாசித்துவிட்டால் மாற்ற முடியாது என்றான். அதற்குள் தன்னை மறுபடியும் திருத்துகிற குரூப்பில் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் போதும். பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

"எதுக்கு?" என்றாள் தங்கமணி.

"ஒரு எழுத்துப் பிழை. சரி பண்ணணும்."

"சொல்லுங்க. நானே பண்ணிடறேன்."

தனபாலன் மனைவியைப் பார்த்தான். அமராவதி இன்னொரு முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"அண்ணி, எனக்கு ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுத் தங்கமணி கை கழுவினாள். முதல் முட்டையையும் பாதிதான் தின்றிருந்தாள். பாதியில் நிறுத்துவது சுலபமா என்ன, அதுவும் வெங்காயம் போட்டுப் பொரித்தது.

*

ஆபீசில் பெரிய பெட்டி இருப்பது கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில். அங்கே மட்டும்தான் ஏர்கோன். அதனால் தங்கமணிக்குப் பொறுப்பு வந்ததிலிருந்து ஆபீசில் எல்லோருக்கும் அவளிடம் ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு யாரும் வரவில்லை. அண்ணன் தங்கைக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வெளியிலேயே வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, பெட்டிக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். வழக்கமாகப் பார்ப்பதுதான்.

ஸ்டோர் கிராணி இருந்தார். மேனேஜர் இருந்தார். அவள் இருந்தாள். தனபாலன் இல்லை.

ரெங்கசாமி இருந்தார்.

தங்கமணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிரே சீனி முகம்மது கடையில் அப்பாவின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு யாருக்கோ ஏதோ நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி திரையைப் பார்த்தாள். ரெங்கசாமி அங்கேயும் இருந்தார்.

வீட்டு பைலைத் திறந்தாள். மூலை வீட்டுக்கு எதிரே ஐயாவு இல்லை. தனபாலன் என்று இருந்தது. கடைசியாகத் திருத்தியவர் யார் என்று பார்த்தால் அதற்கும் ரெங்கசாமி.

காது சூடாகிவிட்டது அவளுக்கு. அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிசு. கதவைத் தானே திறந்து வைத்துவிட்டு, பூட்டை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

நேரே அண்ணன் மேசைக்குப் போனாள். தனபாலன் திரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"அப்பா எப்ப வேலைக்குச் சேந்தாரு, அண்ணே?"

அவன் நிமிரவில்லை. பக்கத்து மேசைகளில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது. காதுகள் எல்லாம் வேலைக்கு வந்துவிட்டன.

தணிந்த குரலில் கெஞ்சினான் அவன். பத்து வருசமாகக் கிராணி, பெயருக்கு ஒரு தனி அறை இல்லை என்றான். பெண்டாட்டியோடு சண்டை போடவும் இடமில்லாத வீட்டில் மனுசன் எப்படிக் குடும்பம் நடத்துவது என்றான். ஐயாவு எங்கே இருந்தாலும் நொண்டத்தான் போகிறான் என்றும் ஒரு வார்த்தை சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தங்கமணிக்கு அதுவரை கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"உங்களுக்கு வீடு வேணும்னா மேனேஜர்கிட்ட உங்க பேர்ல கேளுங்க. அப்பா பேர்ல திருடாதீங்க."

"சரி, அப்பாவை வீட்டு குரூப்லேருந்து எடுத்துக்க. அப்பா பேரை அழிக்காத. அது மட்டும் வேணாம்."

அவள் கண்ணாடி அறைக்குத் திரும்பினாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, சாலையைத் தாண்டி சீனி முகம்மது கடைக்கு ஓடினான். அதற்கு முன் பெரிய கிராணி ஓடிப் பார்த்ததே இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

*

ரெங்கசாமி செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஆபீசுக்குள் வந்தார். செருப்போடு வரலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மண்டோராக இருந்த காலத்தில் அவர் நின்ற இடம் படிக்கட்டு. துவான் என்று கூப்பிடுகிற வெள்ளைக்காரத் துரையும் அங்கேதான் பேசுவார், பிறகு வந்த துவான்களும் அங்கேதான்.

வரும் வழியிலேயே மகன் ஓதியிருந்தான். ஆனால் கிழவருக்கு ஓதியது பாதிதான் ஏறியிருந்தது. மீதி ஆசை.

"எங்க இருக்கேன் நானு?"

தங்கமணி காட்டினாள். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. விரலை வைத்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு குரூப்பாகக் காட்டச் சொன்னார். சம்பளத்தில் இருக்கிறாரா? இருக்கிறார். ஸ்டோரில்? இருக்கிறார். மேனேஜர் திறக்கிற பைலைக்கூட அவர் திறக்கலாமா? திறக்கலாம்.

"அடேயப்பா" என்றார். முதுகு நிமிர்ந்துவிட்டது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பழைய பெரட்டுப் பார்வை. இரண்டு பேர் தானாகவே நகர்ந்துகொண்டார்கள்.

"இதைத்தான் அழிக்கப் போறா" என்றான் தனபாலன்.

"ஏம்மா? நான் என்னா செஞ்சேன்?"

"நீங்க ஐயாவு வீட்டை எடுத்துட்டீங்கப்பா."

"நானா?"

"இதுல அப்படித்தான் இருக்கு. நாளைக்கு மேனேஜர் கேட்டா இது அண்ணன்னு சொல்லாது. நான்னு சொல்லாது. ரெங்கசாமின்னுதான் சொல்லும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரெங்கசாமிக்கும் ஐயாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தீமிதித் திருவிழாவில் கோயில் முதல் மாலையை யார் கழுத்தில் போடுவது என்று வந்த தகராறு. அன்றிலிருந்து ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். ஐயாவு நொண்டத் தொடங்கிய பிறகும் அவர்தான் கஷ்டப்பட்டு அந்தப் பக்கம் போவார். ரெங்கசாமி சைக்கிளை நிறுத்தினதில்லை. தனபாலன் ஐயாவு வீட்டின் மேல் கை வைக்கத் துணிந்தது சும்மா இல்லை. அப்பா எதிர்த்துக் கேட்கமாட்டார் என்கிற தைரியம்.

தைரியம் வீண் போகவில்லை. கிழவர் சற்று யோசித்தார்.

"ஐயாவு எங்க போனா எனக்கென்னா? என் பேரு இருக்கட்டும்."

"முடியாதுப்பா."

"தங்கமணி. நான் சொல்றேன், எடுக்காத."

இவ்வளவுக்கும் குரலை உயர்த்தவில்லை அவர். உயர்த்தாமல் சொன்னால்தான் அந்தக் குடும்பத்தில் அது உத்தரவு. அந்தக் குரலுக்குத் தங்கமணி பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் நடிப்பதை விட்டிருக்கிறாள், ரவாங் பேக்டரி வேலையை விட்டிருக்கிறாள், பார்த்து வைத்திருந்த ஒரு பச்சைப் புடவையைக்கூட விட்டிருக்கிறாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ரெங்கசாமியைப் பெட்டியிலிருந்து வெளியே தள்ளினாள். தனபாலன் மேசையில் சின்னப் பெட்டி பீப் என்று நின்றுபோனது எல்லோருக்கும் கேட்டது. பிறகு அந்தப் பெயருக்குப் போனாள். அழிக்கவா என்று திரை கேட்டது.

"இது உங்க பேரு இல்லப்பா" என்றாள். "ரெண்டு பேரு ஒளிஞ்சுக்கிற பேரு. அதுல நானும் ஒருத்தி. எனக்கு இனிமே இது வேணாம். நான் செய்யறதுக்கு என் பேரு போதும்."

"அப்பா நிக்கறாரு, தங்கமணி" என்றான் தனபாலன். "அவர் முன்னாலயா?"

"முன்னாலதான். பின்னால செஞ்சாத்தான் தப்பு."

அமுக்கினாள். வரிசையிலிருந்து ஒரு பெயர் காணாமல் போய், கீழே இருந்தது மேலே ஏறி வந்து நின்றது. அவ்வளவுதான். இடி விழவில்லை. ரெங்கசாமி அங்கேயே நின்று, தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு சைக்கிள்வரை நடந்துவிட்டு, திரும்பி வந்து போட்டுக்கொண்டார்.

தங்கமணி மூலை வீட்டுக்கு எதிரே ஐயாவு என்று அடித்தாள். திருத்தியவர் என்று அவள் பெயர் விழுந்தது. தேத்தண்ணிக்குப் பிறகு மேனேஜர் வந்து அச்செடுத்தார். என்ன இங்கே கூட்டம் என்று மலாயில் கேட்டார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயர் இருந்தது, எடுத்துவிட்டேன், துவான் என்றாள். யார் அதை உபயோகித்தது என்றார் அவர்.

தனபாலன் பேனாவை மூடினான். திறந்தான்.

திங்கட்கிழமை எழுத்தில் கொடுக்கிறேன் என்றாள் தங்கமணி. அதற்குள் சொல்ல வேண்டியவர் வந்து சொல்லிவிட்டால் நல்லது என்று அண்ணனுக்குக் கேட்கிற மாதிரி தமிழில் சேர்த்துக்கொண்டாள். மேனேஜர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

சாயங்காலம் வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள், பேச்சு போடவில்லை.

அமராவதி சோற்றுப் பானையை மூடி, மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருந்தாள். அப்பன் பெயரையே அழித்தவளுக்குப் புருசன் சம்பாதித்த சோறு எதற்கு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஜன்னலுக்குத் தைத்த துணியெல்லாம் வீணாய்ப்போன கோபம் அது.

தங்கமணி குழவியைத் தூக்கிக் கீழே வைத்தாள். தட்டெடுத்துப் போட்டுக்கொண்டாள். அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடவில்லை. கூடத்தின் நடுவில், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அரிசியில பாதி என் சம்பளம், அண்ணி. எந்தப் பாதின்னு தெரியாது, அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துக்கிட்டேன்."

தனபாலன் எழுந்து, இனிமேல் இந்த வீட்டில் ஒன்று அவள் இருக்க வேண்டும் இல்லை நான் இருக்க வேண்டும் என்றான்.

"நான் இருக்கேன்" என்றாள் தங்கமணி, சோற்றைப் பிசைந்தபடி.

இப்படி ஒரு பதில் வரும் என்று அவன் நினைக்கவில்லை. அமராவதி அவனைப் பார்த்தாள். உட்காருவதா, போவதா என்று தெரியாமல் நின்றான்.

ரெங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"இப்ப நான் எந்தக் குரூப்புல இருக்கேன்?"

தங்கமணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். "எதுலயும் இல்லப்பா."

"சம்பளத்துல?"

"இல்ல."

"இவன் குரூப்புலயும் இல்ல. உன் குரூப்புலயும் இல்ல."

"இல்லப்பா."

கிழவர் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பட்டனை ஒன்று தள்ளிப் போட்டார். சைக்கிளைத் திண்டாடித் திண்டாடி வாசலில் இறக்கினார்.

"எங்கப்பா போறீங்க?" என்றான் தனபாலன்.

"கீழ் லயத்துக்கு."

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"ஐயாவு இருக்கான்."

அமராவதி வாயில் கை வைத்தாள். தனபாலன் பின்னாலேயே ஓடி, அவனிடம் போய் என்ன சொல்லப் போகிறீர்கள், வீட்டு விசயம் எதையும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். ரெங்கசாமி பெடலில் காலை வைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"உன்கிட்ட கேட்டுட்டுப் போற ஆளு இல்ல நானு இப்ப. உன் தங்கச்சி என்னை எல்லாக் குரூப்லேருந்தும் எடுத்துட்டா இல்ல?"

சொல்லிவிட்டு மிதித்தார். சமாதானத்துக்குப் போகிறாரா, பழைய மாலைக் கணக்கை முடிக்கப் போகிறாரா, முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கீழ் லயத்தில் வள்ளியம்மா, மண்டோர் சைக்கிள் தன் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்ப் புருசனை எழுப்பினாள்.

தங்கமணி தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கே வந்து, அப்பா போன பாதையைப் பார்த்தபடி அங்கே உட்கார்ந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.